ஒலி போகாத வயர்

மிடி என்றால் பழந்தமிழில் வறுமை. எங்கள் வீட்டு எலெக்ட்ரானிக் பியானோவின் முதுகுப் பக்கத்தில் அதே ஓசையுடைய ஓர் ஆங்கிலச் சொல் (MIDI, மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மொழியின் பெயர்) பொறிக்கப்பட்டு, அதன் கீழே ஐந்து துளை கொண்ட இரண்டு வட்டமான பொருத்துவாய்கள் இருப்பதை 11 ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, அவற்றில் எதையும் செருகிப் பார்த்ததில்லை. மகள் வாசிக்கிறாள், பியானோவின் சொந்த ஸ்பீக்கரே கூடத்துக்குப் போதுமானதாக இருக்கிறது, அதற்கு மேல் என்ன வேண்டும் என்றே இருந்துவிட்டேன்.

என் அக்காள் மகன் மயிலாடுதுறையில் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவன். மாசியிலிருந்து ஆவணி வரை திருவிழா மேடைகளில் இரவெல்லாம் விழித்திருந்துவிட்டு, மழைக்காலத்தில் மட்டும் உறவினர் வீடுகளில் தலைகாட்டுவான். சென்ற ஐப்பசியில் வந்தபோது, குழுவில் பயன்படாமல் கிடந்த ஒரு பழைய ஒலிப்பெட்டியைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்தான். கட்டைகளே இல்லாத, இட்லித் தட்டு அகலத்தில் இருக்கும் இந்தப் பெட்டியை அவர்கள் மாட்யூல் என்கிறார்கள். “மாமா, ஒங்க பியானோவோட இதச் சேத்துப் பாருங்க. பாப்பா வாசிக்கிறப்ப பின்னாடி வயலின் செட்டு வந்தா நல்லாருக்கும்” என்று சொல்லிவிட்டு, வயரைக் கும்பகோணத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லிப் போய்விட்டான். நானும் வாங்கிவந்து, பியானோவின் வெளிவாயிலிருந்து பெட்டியின் உள்வாய்க்கு ஒழுங்காகச் செருகி, இரண்டுக்கும் மின்சாரம் கொடுத்து, மகளை வாசிக்கச் சொல்லிக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். பியானோ எப்போதும்போல் ஒலித்தது, வயலின் வரவில்லை. பெட்டியின் முகப்பில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு மட்டும் அவள் கட்டையைத் தொடும்போதெல்லாம் மின்னியது.

தொலைபேசியில் கேட்டபோது அவன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. “அந்த வயர்ல சத்தமே போகாது மாமா. பெட்டிலேருந்து ஆம்புக்குத் தனியா வயர் போட்டீங்களா?”

போடவில்லை. மிடி வயரைச் செருகினால் பெட்டியின் ஒலி எப்படியோ பியானோவின் ஸ்பீக்கருக்கு வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அதன் பிறகு இந்தச் சில மாதங்களில் எனக்கு நேர்ந்த கோளாறுகள் அனைத்தையும் வரிசைப்படுத்திப் பார்த்தால், பெரும்பாலானவை இந்த ஒரே தப்பெண்ணத்தின் வெவ்வேறு வேடங்கள்தான் என்று தோன்றுகிறது. ஆகையால், பியானோவை வேறு கருவிகளோடு இணைக்க நினைக்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது, எந்தப் பொருத்துவாயில் எதைச் செருகுவது என்பதை அல்ல. அந்த வயரில் என்ன போகிறது என்பதைத்தான்.

மிருதங்கம் கற்பிக்கும் ஆசிரியர் ‘தா தீ தொம் நம்’ என்று சொற்கட்டை வாயால் சொல்கிறார். மாணவன் அதை மிருதங்கத்தில் வாசித்தால் மிருதங்க நாதம் கேட்கிறது. அதே சொல்லைக் கஞ்சிராக்காரர் வாங்கிக்கொண்டால் கஞ்சிராவின் நாதம், கடக்காரர் வாங்கிக்கொண்டால் கடத்தின் நாதம். சொல்லுக்குள் எந்த நாதமும் இல்லை. எந்த அடி, எப்போது, எத்தனை அழுத்தம் என்பது மட்டுமே அதில் இருக்கிறது. மிடி வயரில் போவதும் அப்படிப்பட்ட சொற்கட்டுதான். அதைக் கேட்டு வாசிக்க மறுமுனையில் ஒரு கருவி இருக்க வேண்டும், அந்தக் கருவிக்கு வாய், அதாவது ஸ்பீக்கர், தனியே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அன்றே பெட்டியின் ஒலி வெளிவாயிலிருந்து பியானோவின் துணை ஒலி உள்வாய்க்கு இன்னொரு வயர் போட்டதும் வயலின்கள் கிளம்பிவிட்டன. சொல் ஒரு வயரில் போகிறது, நாதம் வேறொரு வயரில் திரும்பி வருகிறது.

அந்தச் சொற்கட்டை ஒருமுறை அருகிலிருந்து பார்த்துவிட்டால் பிறகு பயமே இருக்காது. மகள் நடுவிலுள்ள ஒரு கட்டை ஷட்ஜத்தை, மேற்கத்தியர் மிடில் சி என்று சொல்லும் கட்டையை, அழுத்துகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பியானோ அனுப்புவது மூன்று எண்கள்: 144, 60, 90. முதல் எண் ‘முதலாம் சேனலில் ஒரு கட்டை அழுத்தப்பட்டது’ என்கிறது (சேனல் என்றால் என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன்). இரண்டாவது எண் எந்தக் கட்டை என்பதையும், மூன்றாவது எண் எத்தனை வேகமாக அது கீழிறங்கியது என்பதையும் சொல்கின்றன. கட்டைக்கு 0 முதல் 127 வரை எண். 88 கட்டைப் பியானோவில் இடதுகோடிக் கட்டை 21, வலதுகோடிக் கட்டை 108. வேகத்தைப் பியானோ எப்படி அறிகிறது என்றால், ஒவ்வொரு கட்டையின் கீழும் சற்றே முன்பின்னாகத் தொடும்படி இரண்டு அல்லது மூன்று தொடுமுனைகள் இருக்கின்றன. முதலாவதைத் தொட்டதற்கும் அடுத்ததைத் தொட்டதற்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்து, அதை 1 முதல் 127 வரை ஓர் எண்ணாக்கிவிடுகிறது. விரலை எடுத்ததும் ‘60 விடப்பட்டது’ என்று இன்னொரு மூன்றெண் செய்தி போகிறது. கட்டை அழுத்தப்பட்டிருக்கும் நேரத்தில் அதைப் பற்றி வயரில் வேறு எதுவும் போவதில்லை. ஒலிப்பெட்டி தானாகவே ஒலித்துக்கொண்டிருக்கிறது, ‘விடு’ என்ற சொல் வரும் வரை.

அந்த ‘விடு’ வராமல் போனால் என்ன ஆகும் என்பதை ஓர் அடைமழை நாளில் கண்டேன். மின்சாரம் கண்சிமிட்டியது, பியானோ அணைந்து மீண்டும் எரிந்தது, சிறிய பேட்டரி தாங்கியில் இருந்த ஒலிப்பெட்டி அணையவில்லை. அழுத்திய செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது, விட்ட செய்தியைச் சொல்ல ஆள் இல்லை. ஒரே ஒரு வயலின் சுரம் தம்புரா போல ஓயாமல் இழுத்துக்கொண்டிருந்தது. மகள் அதே கட்டையைத் தேடித்தேடி அழுத்திப் பார்த்தாள், எந்தக் கட்டை என்பதே நினைவில்லை. பெட்டியை அணைப்பதுதான் வழி என்று நான் எழுந்தபோது அவள் கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்திவிட்டுக்கொண்டே போய்ச் சரியான கட்டையில் நிறுத்திவிட்டாள். அதைவிட எளிய வழி இருக்கிறது. 123 என்ற எண்ணுடைய கட்டுப்பாட்டுச் செய்தி ‘எல்லாச் சுரங்களையும் விடு’ என்பதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. பல கருவிகளிலும் மென்பொருள்களிலும் இதற்கு ‘பேனிக்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். சில கருவிகள் 300 மில்லி விநாடிக்குள் ஒருமுறையாவது ‘நான் இருக்கிறேன்’ என்று ஒரு சிறு குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும். அந்தக் குரல் நின்றுவிட்டால் மறுமுனை தானே எல்லாச் சுரங்களையும் அடக்கிவிடும். எங்கள் பியானோ அந்தக் குரலைக் கொடுப்பதில்லை.

பெடலும் இப்படித்தான். அழுத்தினால் 64 என்ற கட்டுப்பாட்டு எண்ணோடு ஒரு மதிப்பு போகிறது. மதிப்பு 63 வரை இருந்தால் விட்டதாகவும், 64 முதல் 127 வரை இருந்தால் அழுத்தியதாகவும் பொருள். எங்கள் பியானோவின் பெடல் பாதி அழுத்தத்தையும் உணரக்கூடியது, ஆகவே இடைப்பட்ட மதிப்புகளையெல்லாம் அனுப்புகிறது. பழைய ஒலிப்பெட்டிக்கு அந்த நயம் புரிவதில்லை, நடுக்கோட்டைத் தாண்டினால் பிடித்துக்கொள்கிறது, இறங்கினால் விட்டுவிடுகிறது. இதைச் சரிசெய்ய வழியில்லை. கால் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

வயரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐந்து பின் இருந்தாலும் வேலை செய்பவை மூன்றுதான்: நான்காவதும் ஐந்தாவதும் செய்தியைக் கொண்டுபோகின்றன, நடுவிலுள்ள இரண்டாவது கவசக் கம்பிக்கு உரியது, ஓரத்திலுள்ள இரண்டும் சும்மா இருக்கின்றன. நீளம் 15 மீட்டருக்கு மிகக்கூடாது. உள்வாய்க்குள் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வந்த மின்னோட்டம் ஒரு சிறிய விளக்கை எரியவிட்டு அணைக்கிறது, எதிரே இருக்கும் ஒளியுணரி அதைப் பார்த்துச் செய்தியைப் படித்துக்கொள்கிறது. இரண்டு கருவிகளுக்கும் இடையே மின்தொடர்பே கிடையாது. ஒலி போகாத வயரில் செய்தி கடைசி இம்மியளவு தூரத்தை ஒளியாகக் கடக்கிறது. ஜெனரேட்டரில் ஓடும் திருவிழா மேடையில் இதன் அருமை தெரியும் என்று மருமகன் சொல்கிறான். ஒலி வயர்களால் இணைத்த கருவிகள் ‘ம்ம்ம்’ என்று முனகும்போதும் மிடி வயர் வழியாக எந்த முனகலும் ஏறுவதில்லை. எங்கள் பக்கத்து மழைக்காலத்தில் பித்தளைப் பின்களில் களிம்பு ஏறுவது மட்டும் ஒரு தொல்லை. மாதம் ஒருமுறை கழற்றித் துடைத்துச் செருகினால் போதும்.

இந்த ஏற்பாடு இவ்வளவு பழையது என்பது எனக்கு வியப்பாக இருந்தது. மிடி வருவதற்கு முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தன் கருவிகளுக்குள் மட்டும் புரியும் ஒரு முறையை வைத்திருந்தது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் இகுடாரோ காகெஹாஷியும் முன்னின்று பொது மொழி ஒன்றை உருவாக்கி, 1983 ஜனவரியில் நடந்த ‘நாம்’ (NAMM) என்ற இசைக்கருவி வணிகக் கண்காட்சியில் ஸ்மித்தின் நிறுவனம் செய்த புராஃபெட் 600 கருவியையும் காகெஹாஷியின் ரோலண்ட் நிறுவனம் செய்த ஜூபிடர் 6 கருவியையும் ஒரு வயரால் இணைத்து வாசித்துக் காட்டினார்கள். போட்டி நிறுவனங்கள் இரண்டின் கருவிகள் ஒன்றோடொன்று பேசியதுதான் அங்கே செய்தி. 2013-இல் இருவருக்கும் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. 2020-இல் இரண்டாம் பதிப்பு வந்துவிட்டபோதும், எங்கள் வீட்டில் ஓடுவது அந்தப் பழைய மொழிதான். அதன் பிறகு செய்யப்பட்ட கருவிகளும் அதைப் புரிந்துகொள்கின்றன.

சேனல் என்ற சொல்லில் எங்கள் ஊர்க்காரர்கள் வழுக்கி விழ வாய்ப்பு அதிகம். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்துபோவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, சேனல் என்றதும் தனித்தனிக் கரை கொண்ட வாய்க்கால்தான் மனத்தில் எழும். மிடியில் 16 சேனல்கள் உண்டு என்று படித்தபோது நானும் வயருக்குள் 16 கம்பிகள் இருக்குமோ என்று நினைத்தேன். மூன்று பின்னில் 16 வாய்க்கால் எப்படி ஓடும்? கரை ஒன்றுதான், எல்லாச் செய்தியும் அதே வழியில்தான் வருகிறது. நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டின் வாசலில் நின்று தபால்காரர் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது, குரல் எல்லோருக்கும் கேட்டாலும் உரியவன் மட்டும் எழுந்து வருகிறானே, அதுபோல ஒவ்வொரு செய்தியின் முதல் எண்ணிலேயே சேனல் குறிக்கப்பட்டிருக்கிறது. மேலே சொன்ன 144 முதல் சேனல், 145 இரண்டாம் சேனல், இப்படியே 159 வரை. அனுப்பும் கருவியின் சேனலும் வாங்கும் கருவியின் சேனலும் ஒன்றாக இல்லையென்றால், விளக்கு மின்னும், ஒலி வராது. மருமகனின் பெட்டி குழுவில் நான்காம் சேனலில் இருந்த பழக்கத்திலேயே ஒருநாள் தன்னைத் திருப்பிக்கொண்டபோது நான் அரை மணி நேரம் வயரைக் குறைசொல்லிக்கொண்டிருந்தேன்.

இனி, கட்டை விவகாரம். நம் பாடகர்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்கிறார்கள். ஒரு கட்டை என்றால் சி, ஒன்றரை என்றால் அதற்கடுத்த கறுப்புக் கட்டை, இரண்டு என்றால் டி, ஐந்தரை என்றால் ஜி-க்கு அடுத்த கறுப்புக் கட்டை. மார்கழியில் உறவுக்காரப் பெரியவர் ஒருவர் வீட்டில் பாட உட்கார்ந்தார். அவருக்குச் சுருதி ஒன்றரை. மகள் ஒரு கட்டையில் பழகியவள் என்பதால் பியானோவில் ஒரு படி சுருதி ஏற்றும் பொத்தானை அழுத்திவிட்டேன். ஒலிப்பெட்டியும் ஏற வேண்டுமே என்று அதிலும் ஒரு படி ஏற்றினேன். பியானோ ஒன்றரையில் நிற்க, வயலின்கள் இரண்டு கட்டையில் நின்றன. பெரியவர் வாயைத் திறந்தவர் அப்படியே மூடிக்கொண்டு, “தம்பி, ஒங்க வீட்ல ரெண்டு சுருதி கேக்குது” என்றார். நடந்தது இதுதான்: எங்கள் பியானோ சுருதி ஏற்றும்போது தன் ஒலியை மட்டும் அல்லாமல் வயரில் அனுப்பும் எண்ணையும் ஏற்றிவிடுகிறது, 60-ஐ அழுத்தினால் 61 என்று அனுப்புகிறது. பெட்டி அந்த 61-ஐ வாங்கித் தன் பங்குக்கு ஒன்று ஏற்றி 62-ஐ ஒலித்தது. எல்லாப் பியானோக்களும் இப்படிச் செய்வதில்லை, சில தங்கள் ஒலியை மட்டும் ஏற்றிக்கொண்டு பழைய எண்ணையே அனுப்பும். ஆகவே கச்சேரிக்கு உட்காருவதற்கு முன் ஒரே ஒரு கட்டையை அழுத்தி இரண்டு ஒலியும் சேர்கின்றனவா என்று கேட்டுவிடுவது நல்லது.

நம் இசைக்கு இந்த மொழி எவ்வளவு தூரம் இடம்கொடுக்கும் என்பது தனிக் கேள்வி. கட்டைக்கும் கட்டைக்கும் இடையே சுரத்தை அசைக்க மிடியில் வழி உண்டு. சுரத்தை வளைக்கும் செய்தியில் 16,384 படிகள் இருக்கின்றன, வழக்கமாக மேலே இரண்டு அரைச்சுரமும் கீழே இரண்டு அரைச்சுரமும் போகலாம். எண்ணிக்கையைப் பார்த்தால் தோடியின் காந்தாரத்தைக்கூட ஆட்டிவிடலாம் போலத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் செய்தி ஒரு கட்டைக்கு உரியது அன்று, ஒரு சேனலுக்கு உரியது. வலது கையின் காந்தாரத்தை அசைத்தால் அதே சேனலில் இடது கை பிடித்திருக்கும் ஷட்ஜமும் பஞ்சமமும் சேர்ந்து ஆடும். மருமகன் கீபோர்டில் இரண்டு கைகளையும் இரண்டு சேனல்களுக்குப் பிரித்துவிட்டு, இடது கையைச் சுரத்தை வளைக்கும் சக்கரத்துக்குக் கொடுத்துத்தான் கமகம் காட்டுகிறான். பியானோவில் அந்தச் சக்கரமே இல்லை. ஆகையால் மகளின் வாசிப்பில் கமகத்தை எதிர்பார்ப்பதை நான் விட்டுவிட்டேன், வயலின் ஒலி வந்தாலும் அது பியானோக்காரியின் வயலின்தான்.

ஒலிகளின் எண்வரிசை 1991-இல் பொதுவாக்கப்பட்டது. முதல் எண் கிராண்ட் பியானோ, 105 சிதார், 112 ஷெனாய். பத்தாம் சேனல் முழுவதும் தாளக் கருவிகளுக்கு. 128 இடங்களில் பேக்பைப்புக்கு ஓர் இடம் இருக்கிறது, நாகசுரத்துக்கு இல்லை. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாகசுரம் கடையும் வட்டாரத்திலிருந்துகொண்டு, கல்யாண வீட்டுப் பாட்டுக்கு ஷெனாயை வைத்துச் சமாளிக்க வேண்டியிருக்கிறதே என்பது மருமகனின் நெடுநாள் மனக்குறை, எனக்கும்தான். இதிலும் ஒரு பொறி இருக்கிறது. சில கருவிகள் 1-இலிருந்து எண்ணுகின்றன, சில 0-இலிருந்து. 0-இலிருந்து எண்ணும் கருவியில் 112 என்று போட்டு அனுப்பினால், 1-இலிருந்து எண்ணும் கருவியில் அது 113. அங்கே இருப்பது சிணுங்கும் மணி. ஷெனாய் கேட்டால் மணி அடிக்கிறது என்றால் பெட்டி கெட்டுவிடவில்லை, ஓர் எண் தள்ளிப் போயிருக்கிறது.

பிறகு மடிக்கணினி வந்தது. பியானோ பழையது, யு.எஸ்.பி. வாய் இல்லை, ஒரு முனையில் யு.எஸ்.பி.யும் மறுமுனையில் இரண்டு ஐந்து பின் தலைகளும் கொண்ட மலிவான வயர் ஒன்றை இணையத்தில் வாங்கினேன். தலைகளில் ‘இன்’ என்றும் ‘அவுட்’ என்றும் எழுதியிருந்தது. இன் என்றால் பியானோவின் உள்வாயில் செருக வேண்டியதா, வயருக்குள்ளே செய்தி நுழையும் தலையா? எங்களுடையது இரண்டாவது வகை, ஆகவே இன் என்ற தலை பியானோவின் வெளிவாயில் போக வேண்டியிருந்தது. வேறு வயர்களில் நேர்மாறாக எழுதியிருக்கும். வேலை செய்யவில்லையென்றால் இரண்டையும் மாற்றிச் செருகிப் பார்ப்பதில் எந்த ஆபத்தும் இல்லை. அந்த வயரின் பெரிய குறை பிறகுதான் தெரிந்தது: வேகமாக வாசித்தால் நடுவில் சில செய்திகளை விழுங்கிவிடும். ‘அழுத்து’ விழுங்கப்பட்டால் ஒரு சுரம் குறையும். ‘விடு’ விழுங்கப்பட்டால் மறுபடியும் தம்புராதான். சற்றே விலை கூடிய இடைப்பெட்டி ஒன்றை வாங்கிய பிறகு அந்தத் தொல்லை நின்றது. இப்போது வரும் பியானோக்களில் யு.எஸ்.பி. வாய் பியானோவிலேயே இருப்பதால் ஒரே வயர் போதும். ஆனால் அப்படிப்பட்ட இரண்டு கீபோர்டுகளை அந்தச் சதுர வாய்கள் வழியாக நேரடியாக ஒன்றோடொன்று இணைக்க முடியாது, நடுவில் கணினியோ கைப்பேசியோ தலைமை தாங்க வேண்டும். மேலும் யு.எஸ்.பி.யில் நான் முன்பு புகழ்ந்த ஒளித்தடுப்பு கிடையாது. மடிக்கணினியின் சார்ஜர் செருகியிருக்கும்போது ஸ்பீக்கரில் கொசு பாடுவதுபோல் கேட்டால், சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள்.

கணினியோடு இணைத்த முதல் நாள் ஒவ்வொரு சுரமும் இரட்டையாக, குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஒலித்தது. மகள் அழுத்தியதும் பியானோ ஒருமுறை ஒலித்தது; செய்தி கணினிக்குப் போய், கணினி அதை அப்படியே திருப்பி அனுப்ப, பியானோ அதே சுரத்தை இன்னொரு முறை ஒலித்தது. இதற்கு மருந்து லோக்கல் என்ற அமைப்பை அணைப்பது. அதை அணைத்தால் கட்டைகளுக்கும் பியானோவின் உள்ளிருக்கும் ஒலிக்கும் இடையிலுள்ள நேரடித் தொடர்பு அறுந்து, கட்டைகள் வயருக்கு மட்டும் பேசும், வயரில் வருவதை மட்டும் பியானோ ஒலிக்கும். சரியாகத்தான் செய்தேன். மறுநாள் காலை கணினியை மூடி எடுத்துக்கொண்டு அலுவலகம் போய்விட்டேன், பியானோவை அணைக்கவில்லை. மாலையில் மகள் அழாத குறையாக நின்றாள். கட்டை இறங்குகிறது, விளக்கு எரிகிறது, ஒலி இல்லை. ஒலியளவைத் திருகி, பெடலைக் கழற்றி, கடைசியில் பழுதுபார்ப்பவருக்குச் சொல்லியனுப்பியும் ஆகிவிட்டது. மருமகனிடம் சொன்னபோது அவன் கேட்டது ஒரே கேள்வி: “மாமா, ஒருதரம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா?” பண்ணியதும் பியானோ பேசியது. எங்கள் பியானோ ஒவ்வொரு முறை உயிர்பெறும்போதும் லோக்கலைத் தானே திறந்துகொள்ளும். வர வேண்டாம் என்று பழுதுபார்ப்பவரிடம் சொல்லக் கூச்சமாகத்தான் இருந்தது.

அடுத்த புகார், தாமதம். கட்டையை அழுத்தியபின் கணினியிலிருந்து வரும் ஒலி இழுத்துக்கொண்டு வந்தது; மிடி மெதுவானது என்று பலரும் பழிபோடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மிடி விநாடிக்கு 31,250 பிட் அனுப்புகிறது. ஒரு பைட்டுக்குத் தொடக்கமும் முடிவும் சேர்த்துப் பத்து பிட், ஆகவே 320 மைக்ரோ விநாடி. மூன்று பைட் கொண்ட ஒரு கட்டைச் செய்தி ஒரு மில்லி விநாடிக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பத்து விரலையும் சேர்த்து அழுத்தினால் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக முடியும் என்பதால் கடைசி விரலின் சுரம் ஏறத்தாழ பத்து மில்லி விநாடி பிந்தும், அவ்வளவுதான். உண்மையான குற்றவாளி கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் தொட்டி. விநாடிக்கு 44,100 மாதிரி (ஒலியிலிருந்து அளந்தெடுத்த துளி) என்ற கணக்கில் 1,024 மாதிரி பிடிக்கும் தொட்டி நிரம்ப 23 மில்லி விநாடி ஆகிறது. காற்றில் ஒலி அந்த நேரத்தில் எட்டு மீட்டர் போகும். கூடத்தில் வாசித்துவிட்டுக் கொல்லையில் நின்று கேட்பது போன்றது அது. தொட்டியை 128 மாதிரியாகக் குறைத்தால் மூன்று மில்லி விநாடி, அதாவது ஒரு மீட்டர், பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதற்குச் சமம். மிகவும் குறைத்தால் கணினி திணறிப் பொரிய ஆரம்பிக்கும். எங்கள் பழைய கணினிக்கு 256 ஒத்துவருகிறது. புளூடூத் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டு வாசிக்க நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் உதவாது, அங்கே தாமதம் ஸ்பீக்கருக்குப் போகும் வழியிலேயே இருக்கிறது. வயர் போட்ட ஹெட்போனே சரி.

இத்தனை தொல்லைக்கும் பிறகு எனக்குக் கிடைத்த பெரிய ஆதாயம் பதிவு. மகள் மூன்று நிமிடம் வாசித்ததை ஒலியாகப் பதிந்தால் சுருக்காத கோப்பு 30 எம்.பி.யைத் தாண்டுகிறது, மிடியாகப் பதிந்தால் ஆயிரம் சுரம் இருந்தாலும் பத்து கே.பி.யை ஒட்டித்தான் இருக்கிறது. அதில் இருப்பவை எண்கள்தானே. சென்ற வாரம் அவள் ஒரு நீண்ட பகுதியை ஒரே மூச்சில் நன்றாக வாசித்து, கடைசி ஷட்ஜத்தில் மட்டும் விரல் வழுக்கிப் பக்கத்துக் கறுப்புக் கட்டையில் விழுந்துவிட்டாள். திரையில் அந்தச் சுரம் ஒரு சிறிய செவ்வகமாக, 61 என்ற வரியில், 38 என்ற தயங்கிய வேகத்தோடு உட்கார்ந்திருந்தது. அதைப் பிடித்து ஒரு வரி கீழே 60-க்கு இறக்கினோம். வேகத்தை மாற்ற அவள் சம்மதிக்கவில்லை, “அது நான் வாசிச்சதுப்பா, அப்படியே இருக்கட்டும்” என்றாள். பிறகு அதே கோப்பைப் பியானோவுக்கு அனுப்பினால் பியானோ வாசித்தது, ஒலிப்பெட்டிக்கு அனுப்பினால் வயலின்கள் வாசித்தன, ஒருமுறை விளையாட்டாகப் பத்தாம் சேனலுக்கு அனுப்பியபோது வீடே தகரக் கொட்டகையில் பாத்திரம் உருண்டதுபோல் அதிர்ந்து, பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

மாசி பிறந்ததும் மருமகன் வந்து ஒலிப்பெட்டியைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் புதுக் கீபோர்டு ஏதோ மேடையில் மழையில் நனைந்துவிட்டதாம். ஐந்து பின் வயரை மட்டும் விட்டுச் சென்றிருக்கிறான். வயலினுக்காகப் பதிந்த கோப்பு மடிக்கணினியில் அப்படியே இருக்கிறது. பெட்டி திரும்பி வரும் வரை அதைப் பியானோவுக்கே அனுப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.